வே ரெபோ: ஏழு கூம்பு வீடும், ஊர்னா என்னங்கிற கணக்கும்

இந்தோனேசியா கிராமம்னு நெட்ல தேடினா இந்தப் படம் எப்படியும் கண்ணுல பட்டுடும். நாலு பக்கமும் காடு மூடின மலை, நடுவுல பச்சைப் புல்தரை, அதைச் சுத்தி ஏழு வீடு, ஒவ்வொண்ணும் வைக்கோல் போர் மாதிரி உச்சியிலேர்ந்து கிட்டத்தட்ட தரை வரைக்கும் கூரையாவே இருக்கும், சுவருன்னு ஒண்ணு கண்ணுக்கே தெரியாது. அதுதான் வே ரெபோ. ஃப்ளோரெஸ் தீவுல மங்கராய்ங்கிற மாவட்டத்துல இருக்கு, கடல் மட்டத்துக்கு மேல 1,100 மீட்டருக்கும் அதிக உயரம், வண்டி போகாது, காட்டுப் பாதையில நடந்துதான் ஏறணும்.

படத்தைப் பார்த்துட்டு ஷேர் பண்றவங்க நிறைய பேருக்குத் தெரியாதது என்னன்னா, அரசாங்கக் கணக்குல வே ரெபோங்கிற பேர்ல தனி கிராமமே கிடையாது. சத்தார் லெண்டானு ஒரு கிராமம் இருக்கு, அதுக்குள்ள இது ஒரு குடியிருப்பு, அவ்ளோதான். ஆனா அங்க இருக்கிறவங்களைப் பொறுத்தவரை அது முழுசா தனி ஊர், தனித் தலைவர், தனி நிலம், பல தலைமுறைக் கதை எல்லாம் இருக்கிற ஊர். இதுல யாரும் பொய் சொல்லல. இந்தோனேசியாவுல பல இடத்துல ஊர்ங்கிறது ரெண்டு அடுக்கா இருக்கும், அரசாங்கம் போட்ட அடுக்கு ஒண்ணு, அதுக்கு ரொம்ப முன்னாடியே வழக்கத்துல இருக்கிற அடுக்கு இன்னொண்ணு. இதை மட்டும் பிடிச்சுக்கிட்டா அந்த நாட்டுக் கிராமங்களைப் பத்தி படிக்கிறது எல்லாமே சுலபமா புரியும், அதனால வே ரெபோவை வெச்சே அதைப் பார்த்துடலாம்.

அரசாங்க அடுக்கை முதல்ல முடிச்சுடுவோம், அது கொஞ்சம் போர்தான். மேல மாகாணம், 2022லேர்ந்து மொத்தம் 38. அதுக்குக் கீழ கபுபாத்தேன், நம்ம மாவட்டம்னு வெச்சுக்கோங்க. அதுக்குக் கீழ கெச்சமாத்தான், ஒரு தாலுகா அளவு. அதுக்கும் கீழ வர்றதுதான் தேசா, அதாவது கிராமம். டவுன் பகுதியா இருந்தா அதே இடத்துல கெலுராஹான்னு ஒண்ணு வரும், வித்தியாசம் என்னன்னா கெலுராஹான் தலைவர் அரசாங்கம் போடுற அதிகாரி, தேசா தலைவரை ஊர் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க. முன்னாடி அவர் பதவிக்காலம் 6 வருஷம், 2024ல சட்டத்தைத் திருத்தி 8 வருஷம் ஆக்கிட்டாங்க. தேசாவுக்குள்ளயும் சின்னச் சின்ன பிரிவு இருக்கு, கடைசிப் படி ஆர்டி, சில டஜன் வீடுகளுக்கு ஒண்ணு, அக்கம்பக்கத்து சங்கம் மாதிரி. ரெண்டாம் உலகப் போர் சமயம் ஜப்பான்காரங்க அந்த நாட்டைப் பிடிச்சு வெச்சிருந்தப்ப ஜனங்களைக் கண்காணிக்கக் கொண்டுவந்த ஏற்பாடு அது, ஜப்பான்காரங்க போயி 80 வருஷம் ஆகுது, ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கு.

இப்ப சுவாரசியமான இடம். 1979ல அப்ப அதிபரா இருந்த சுகார்த்தோ ஆட்சியில ஒரு சட்டம் போட்டாங்க, நாடு முழுக்க கிராமம்னா ஒரே மாதிரிதான் இருக்கணும்னு. ஜாவாவுல இருக்கிற தேசா அமைப்புதான் அச்சு, சுமத்ராவோ ஃப்ளோரெஸோ பப்புவாவோ எல்லாரும் அந்த அச்சுக்குள்ள வரணும். மேற்கு சுமத்ராவுல மினாங்கபாவ் ஜனங்களுக்கு நாகரினு பழைய ஊர் அமைப்பு இருந்துச்சு, அதைத் துண்டு துண்டாக்கி தேசா ஆக்கினாங்க. மங்கராய்லயும் இதே கதைதான், வழக்கப்படி தனித்தனியா இருந்த ஊர்களைச் சேர்த்து ஒரு தேசா. சுகார்த்தோ 1998ல இறங்கினப்புறம் கயிறு கொஞ்சம் தளர்ந்துச்சு, நாகரி திரும்ப வந்துச்சு, 2014ல புது தேசா சட்டம் வந்து வழக்க முறைப்படி இயங்குற ஊர்களையும் ஒரு தனி வகையா ஏத்துக்கலாம்னு வழி விட்டாங்க. வழி இருக்கு, ஆனா அதுல போய் பதிவாகுறது லேசு இல்ல, மாவட்டம் தனியா விதி போடணும், எல்லை அளக்கணும், பல வருஷம் இழுக்கும்.

அந்த 2014 சட்டத்தோட இன்னொரு பக்கம் பணம். 2015லேர்ந்து மத்திய அரசு நேரா ஒவ்வொரு தேசாவுக்கும் நிதி ஒதுக்குது. 2023 பட்ஜெட்ல அதுக்கு 70 லட்சம் கோடி ரூபியா, தேசாக்கள் ஏறக்குறைய 75,000, வகுத்துப் பார்த்தா சராசரியா ஒரு தேசாவுக்கு 90 கோடி ரூபியாவுக்கு மேல வரும். ரூபியான்னு சொல்றதால பெருசாத் தெரியுது, நம்ம காசுல அம்பது லட்சம் மாதிரி. ரோடு, வாய்க்கால், சின்ன கிளினிக்னு செலவாகும். இந்தப் பணம் தேசாவுக்குத்தான் வரும், வழக்கத்துல இருக்கிற ஊருக்கு நேரா வராது. அதனால ரெண்டு அடுக்கையும் சமாளிச்சுப் போறது அங்க இருக்கிறவங்களுக்கு வேற வழியே இல்லாத விஷயம்.

சரி, அந்த வழக்க அடுக்குல ஊர்னா என்ன? மங்கராய்காரங்க இதுக்கு ரொம்பத் தெளிவா ஒரு பதில் வெச்சிருக்காங்க. அவங்க பாஷையில ஊருக்கு பெஓனு பேர். ஒரு பெஓவுக்கு அஞ்சு விஷயம் இருக்கணும்: குடியிருக்க வீடு, விளையாட முற்றம், மொண்டுக்க தண்ணி, உழைக்க நிலம், படையல் வைக்க கல்மேடை. கல்யாணத்துலயும் சடங்குலயும் பெரியவங்க இதை வரிசையாச் சொல்லுவாங்க. கவனிச்சுப் பாருங்க, இதுல எத்தனை தலைக்கட்டு, எவ்ளோ ஜனத்தொகைன்னு ஒரு பேச்சே இல்ல. அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கணும், அதுதான் ஊர்.

வீட்டுலேர்ந்து ஆரம்பிப்போம், ஏன்னா படத்துல தெரியுறதும் அதுதான், உள்ள என்ன இருக்குன்னு படத்துல தெரியாததும் அதுதான்.

ம்பாரு நியாங்னு பேர். உயரம் ஏறக்குறைய 15 மீட்டர், அஞ்சு மாடி. ஆமா, அந்தப் புல்லுக் கூரைக்குள்ள அஞ்சு தளம் இருக்கு. நடுவுல ஒரு பெரிய மரத்தூண், அதைச் சுத்தி மரமும் மூங்கிலும், எல்லாத்தையும் பிரம்பு வெச்சு இறுக்கிக் கட்டுவாங்க. மேல காட்டுப்புல்லும் பனை வகை மரத்து நாரும் சேர்த்து வேய்ஞ்ச கூரை. தரையிலேர்ந்து கொஞ்சம் உயர்த்தித்தான் முதல் தளமே, அதுக்குக் கீழ காலி.

முதல் தளம் லூத்தூர், ஜனங்க இருக்கிற இடம். முன் பாதி எல்லாருக்கும் பொது, விருந்தாளி உட்கார்றது, கூட்டம் போடுறது எல்லாம் இங்க. பின் பாதியை வளைவா தடுத்து அறை அறையா ஒவ்வொரு குடும்பத்துக்கும். நடுவுல அடுப்பு. ரெண்டாவது தளம் லோபோ, சாப்பாட்டுச் சாமானும் தட்டுமுட்டும். மூணாவது லென்தார், அடுத்த போகத்துக்கான விதை. நாலாவது லெம்பா ராஎ, மழை பொய்ச்சா எடுக்கிறதுக்கான கையிருப்பு. அஞ்சாவது, உச்சியில, ஹேகாங் கோடே, முன்னோர்களுக்குப் படையல் வைக்கிற இடம்.

இதைப் படிச்சப்ப எனக்குத் தோணினது, இது வீடு மட்டும் இல்ல, ஒரு குதிரும் கோயிலும் உள்ளேயே இருக்கு, அதுவும் எந்த வரிசையில அடுக்கியிருக்காங்க பாருங்க. இன்னைக்குத் தின்றது கைக்கெட்டுற உயரத்துல, அடுத்த வருஷ விதை அதுக்கு மேல, பஞ்சத்துக்கான கையிருப்பு இன்னும் மேல, அதாவது அவசரத்துக்கு சட்டுனு கை வைக்க முடியாத உயரத்துல. அடுப்புப் புகை கீழேர்ந்து எழும்பி இந்த எல்லாத் தளத்தையும் கடந்து கூரை வழியா கசிஞ்சு போகும், போற வழியில விதையில பூச்சி அண்டாம பார்த்துக்கும், கூரைப் புல்லும் மரமும் மக்காம இருக்கவும் அதுதான் காரணம். அதனால ஆள் இல்லாம அடுப்பு எரியாம விட்டா அந்த வீடு சீக்கிரமே கெட்டுப்போயிடும். பூட்டி வெச்சு காப்பாத்துற சாமான் இல்ல அது.

இன்னொண்ணு, இந்த வீடு தனி ஒருத்தரோடது கிடையாது. ஏழுல ஒண்ணு தலைமை வீடு, நியாங் கெந்தாங்னு பேர், ஊரோட முரசும் சேகண்டியும் அங்கதான் இருக்கும். அதுல எட்டு குடும்பம், ஊரோட எட்டு வம்சக் கிளைக்கும் ஒவ்வொரு பிரதிநிதி. மத்த வீட்டுல ஆறு ஆறு குடும்பம். ஒரே அடுப்பு, ஒரே கூரை. அப்ப சண்டை வராதான்னா வரும், மனுஷங்கதானே, ஆனா கூரையை மாத்தணும்னா எல்லாரும் சேர்ந்து காட்டுக்குப் போய் மரமும் புல்லும் பிரம்பும் கொண்டுவந்தாகணும், தனியா எவனாலயும் முடியாது, அந்த வேலையே கூட்டுக்குள்ள இருக்க வைக்கும்.

ஊரை நிறுவினவர் பேர் எம்போ மாரோ. வாய்மொழிக் கதைப்படி அவர் மேற்கு சுமத்ராவோட மினாங்கபாவ் நாட்டுலேர்ந்து கடல் வழியா வந்து, ஃப்ளோரெஸ்ல இடம் இடமா மாறி, கடைசியில இந்த மலைக் கிண்ணத்துல உட்கார்ந்தவர். இதுல ஒரு வேடிக்கை இருக்கு, மினாங்கபாவ்காரங்க தாய்வழிச் சமூகம், சொத்து பொண்ணுங்களுக்குத்தான் போகும், மங்கராய்ல தலைகீழா எல்லாமே தகப்பன் வழி. கதை நிஜமா இல்லையாங்கிறது வேற விஷயம், இந்தப் பக்கத்துல நிறைய ஊருக்கு இப்படி கடல் தாண்டி வந்த மூதாதைக் கதை உண்டு. அந்தக் கதையில மரநாய்க்கும் ஒரு இடம் இருக்கறதால வே ரெபோக்காரங்க மரநாய்க் கறி தொட மாட்டாங்க.

கல்யாண முறையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், நமக்கு ரொம்பப் பரிச்சயமா இருக்கும். மங்கராய்ல தாய்மாமன் பொண்ணைக் கட்டுறது முறை, பழைய நாள்ல அதுதான் உசந்த கல்யாணம். ஆனா அத்தை பொண்ணைக் கட்டக்கூடாது, கண்டிப்பா கூடாது. ஏன்னா பொண்ணு கொடுத்த குடும்பம் எப்பவும் பொண்ணு கொடுக்கிற பக்கம், வாங்கின குடும்பம் எப்பவும் வாங்குற பக்கம், திசை திரும்பக்கூடாது. கொடுத்தவங்களுக்கு மரியாதை ஒரு படி மேல, சடங்குனு வந்தா வாங்கினவங்கதான் ஆடு மாடு பணம்னு கொண்டுபோய் நிக்கணும். கத்தோலிக்கத் திருச்சபைக்கு நெருங்கின சொந்தத்துல கட்டுறது பிடிக்காது, ஃப்ளோரெஸ் பெரும்பாலும் கத்தோலிக்கத் தீவு, வே ரெபோக்காரங்களும் கத்தோலிக்கர்தான், அதனால இப்ப இது குறைஞ்சிடுச்சு. மத்தபடி சர்ச்சும் முன்னோர் வழிபாடும் அங்க ஒண்ணாவே ஓடிக்கிட்டிருக்கு, ஞாயித்துக்கிழமை பூசை, மறுநாள் கல்மேடையில கோழின்னா யாருக்கும் அது வித்தியாசமாத் தெரியாது.

அந்தக் கல்மேடைக்கு சொம்பாங்னு பேர். முற்றத்து நடுவுல, தலைமை வீட்டுக்கு எதிர்ல, கல்லு அடுக்கின வட்ட மேடை. ஃபோட்டோ எடுக்க ஏறி உட்கார்ந்துடாதீங்க. அதைச் சுத்தி இருக்கிற புல்தரைதான் முற்றம், பசங்க பந்து விளையாடுறது, காப்பிக்கொட்டை காயப்போடுறது, எல்லாம் அங்கதான். நவம்பர்ல பென்தினு ஒரு பெரிய சடங்கு வரும், முடிஞ்ச வருஷத்துக்கு நன்றி சொல்லி புது விவசாய வருஷத்தைத் தொடங்குறது. தண்ணி எடுக்கிற இடத்துக்கு ஒரு படையல், நிலத்துக்கு ஒரு படையல், மேடைக்கு ஒரு படையல்னு ஊர்வலமாப் போவாங்க, மேல சொன்ன அஞ்சு விஷயத்தையும் ஒரே நாள்ல சுத்தி வர்ற மாதிரி. கூடவே சாச்சிங்கிற சாட்டை ஆட்டம், ஒருத்தன் சாட்டையால அடிப்பான் இன்னொருத்தன் கேடயத்தால தடுப்பான், எருமைத் தோல் வெச்ச கேடயம், தலையில கொம்பு மாதிரி கவசம். நிஜமாவே ரத்தம் வரும். அடி வாங்கினவன் சிரிச்சுக்கிட்டே பாட்டுப் பாடணும், அதுதான் அழகு.

நிலத்துக்கு வருவோம், என்னைக் கேட்டா மங்கராய்ல பார்க்கவேண்டியது வீட்டை விட இதுதான். லிங்கோனு சொல்லுவாங்க, ஊருக்குச் சொந்தமான பொது நிலம். ருத்தெங் டவுன் பக்கத்துல சன்சார்னு ஒரு இடம், அங்க ஒரு குன்று மேல ஏறிப் பார்த்தா கீழ வயல் எல்லாம் சிலந்தி வலையா விரிஞ்சு கிடக்கும், நடுப்புள்ளியிலேர்ந்து வரப்பு எல்லாம் நேரா வெளிய ஓடும். யாரோ டூரிஸ்டுக்காக வரைஞ்சது இல்ல, நிலத்தைப் பங்கு போடுற முறையே அதுதான். நிலத்தோட நடுவுல ஒரு மரக்கம்பு நடுவாங்க, அந்த நடுப்புள்ளி லொடோக். அங்கேர்ந்து வெளி எல்லை வரைக்கும் ஆப்பு ஆப்பா பிரிப்பாங்க, எவ்ளோ அகலம்ங்கிறதுக்கு அளவு விரல், இந்தக் குடும்பத்துக்கு ரெண்டு விரல், அந்தக் கிளைக்கு மூணு விரல்னு நடுப்புள்ளியில அளப்பாங்க. நடுவுல ஒரு விரல்தான், வெளிய போகப் போக அது பெரிய வயலா விரியும்.

இதைப் பிரிச்சுக் கொடுக்கிறவர் துஆ தெனோ, நிலத்துக்கான தலைவர். ஊருக்குப் பொதுவான தலைவர் துஆ கோலோ. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு துஆ பாங்கா. இவங்க யாரையும் அரசாங்கம் நியமிக்கல, தேசா தேர்தல்ல நிக்கவும் இல்ல, ஆனா நிலத் தகராறுன்னு வந்தா ஜனங்க முதல்ல போறது இவங்ககிட்டத்தான்.

வீட்டையும் நிலத்தையும் கட்டிப்போடுற ஒரு சொலவடை மங்கராய்ல இருக்கு, முரசு உள்ள, லிங்கோ வெளியேனு. முரசு இருக்கிற தலைமை வீடு எங்கயோ அதுக்குச் சேர்ந்த நிலமும் உண்டு, நிலம் இருந்தா அதுக்கு ஒரு முரசு வீடும் இருக்கணும், ஒண்ணு இல்லாம இன்னொண்ணு இல்ல. அப்படின்னா ஊரோட எல்லை எங்க முடியுதுன்னு கேட்டா வீடுகள் முடியுற இடத்துல இல்ல, அந்த முரசுக்குக் கட்டுப்பட்ட நிலம் முடியுற இடத்துல. வீட்டோட தரைப்படமும் இதே வடிவம்தான், நடுத்தூணுலேர்ந்து விரியுற வட்டம், முற்றத்து மேடையும் வட்டம். கொஞ்ச நேரம் யோசிச்சா வீட்டுக்குள்ள பாகம் பிரிக்கிறதும் வயல்ல பாகம் பிரிக்கிறதும் ஒரே மூளை பண்ண வேலைன்னு தெரியும்.

வே ரெபோவுல ஆனா அந்தச் சிலந்தி வலை நெல்வயல் இல்ல, போய்த் தேடாதீங்க. ரொம்ப உயரம், குளிர். அங்க முக்கியமா காப்பி, அப்புறம் கிராம்பு, வெனிலா, பட்டைனு தோட்டப்பயிர். காப்பிதான் ஊருக்குப் பணம். பறிச்சு, முற்றத்துல பாயில காயவெச்சு, உரல்ல குத்தி, மூட்டையா தோள்ல சுமந்து மலை இறங்கி வித்துட்டு, திரும்பி வர்றப்ப அரிசி மூட்டையைச் சுமந்து ஏறுவாங்க. பொம்பளைங்க சொங்கேனு கறுப்புத் துணி நெய்வாங்க, கலர் நூல்ல பூவேலை போட்டது, அதுவும் விக்கும். கரண்டுன்னா ரொம்ப காலம் சாயங்காலம் மட்டும் ஓடுற ஜெனரேட்டர்தான்.

இப்ப ஒரு கேள்வி வரும், ஏழு வீடு, மொத்தமாக் கூட்டினா நாப்பத்து சொச்சம் குடும்பம், பல தலைமுறையா இருக்கிற ஊர் அத்தோட நின்னுடுமா? நிக்கல. கீழ கொம்போனு இன்னொரு இடம் இருக்கு. வே ரெபோக்காரங்கள்ல பெரும் பகுதி அங்கதான் இருக்காங்க. பள்ளிக்கூடம் மலை மேல இல்ல, பசங்க படிக்கிறதுன்னா கீழ இறங்கியாகணும், அதனால ஸ்கூல் நாள்ல பசங்க கீழ, லீவு விட்டா மேல. குடும்பங்களும் மாறி மாறி இருப்பாங்க. கொம்போவுல இருக்கிறவர் வே ரெபோக்காரர் இல்லன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவரோட கிளைக்கு மேல ஒரு வீட்டுல இடம் இருக்கு, பென்திக்கு அவர் வந்தாகணும். படத்தைப் பார்த்து உலகத்துலேர்ந்து துண்டிச்சு இருக்கிற ஊர்னு எழுதுறாங்களே, அது சுத்தமா தப்பு. மேலயும் கீழயும் ரெண்டு கால் ஊனி நிக்கிற ஊர் இது, அந்தக் கீழ்க்கால் இல்லன்னா மேல இருக்கிற ஏழு வீடும் எப்பவோ காலியாகியிருக்கும்.

காலியாகுற நிலைமைக்குப் போகவும் செஞ்சுது. முன்னாடி மங்கராய் முழுக்க இந்த மாதிரி பெரிய வட்ட வீடுகள் இருந்துச்சு. டச்சுக்காரங்க 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இந்தப் பகுதியைக் கையில எடுத்தப்புறம், ஒரே கூரைக்குக் கீழ அத்தனை பேர் புகையில இருக்கிறது சுகாதாரம் இல்லன்னு தனித்தனி சின்ன வீட்டுக்கு மாத்த ஆரம்பிச்சாங்க. சுதந்திரம் வந்தப்புறமும் அதே எண்ணம்தான். தகரக் கூரை வந்துச்சு, நாலு மூலை வீடு வந்துச்சு, வட்ட வீடு ஒவ்வொண்ணா விழுந்துச்சு. வே ரெபோ தப்பிச்சது ரோடு இல்லாததால. ஆனாலும் 2000களோட நடுவுல ஏழுல நாலுதான் மிச்சம், அதுலயும் சிலது ஆட்டம் கண்டிருந்துச்சு, புதுசாக் கட்ட வசதியும் இல்ல, கட்டத் தெரிஞ்சவங்களுக்கு வயசும் ஆகிட்டிருந்துச்சு.

2008ல யோரி அந்தார்ங்கிற ஜகார்த்தா கட்டடக்கலைஞர் ஒரு சின்ன குழுவோட அங்க ஏறினார். அவர் படம் போட்டு கட்டிக் கொடுத்துட்டுப் போயிருந்தா இன்னைக்கு இதைப் பத்திப் பேச ஒண்ணும் இருக்காது. நன்கொடை திரட்டிக் கொடுத்தாங்க, மாணவர்களைக் கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு படியையும் பதிவு பண்ணாங்க, ஆனா கட்டினது ஊர்க்காரங்கதான், பெரியவங்க சொல்லச் சொல்ல இளவட்டப் பசங்க கையால. பழைய வீட்டைப் பிரிச்சு எது எங்க எப்படிக் கட்டியிருக்குன்னு பார்த்து, அதே மாதிரி திரும்பக் கட்டினாங்க. அடுத்த சில வருஷத்துல ஏழும் நின்னுடுச்சு. 2012ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகள்ல உச்ச விருது கிடைச்சுது, 2013ல ஆகா கான் கட்டடக்கலை விருதோட இறுதிப் பட்டியல்லயும் வந்துச்சு. விருதை விட எனக்குப் பெருசாத் தெரியுறது, கட்டத் தெரிஞ்ச ஒரு தலைமுறை கூட சேர்ந்ததுதான். புல்லுக் கூரை எப்படியும் மக்கும், திரும்ப வேயணும், அப்ப ஆள் வேணும்ல.

விருதுக்கப்புறம் டூரிஸ்ட் கூட்டம். இது நல்லதா கெட்டதான்னு ஒரே வரியில சொல்ல முடியாது. ஊர்க்காரங்களே ஒரு சங்கம் வெச்சு விருந்தினர்கிட்ட கட்டணம் வாங்குறாங்க, சமைக்கிறவங்க, வழிகாட்டி, சாமான் சுமக்கிறவங்கன்னு வருமானம் பல கைக்குப் போகுது, காப்பியையும் மூட்டையா யாவாரிக்குப் போடாம பாக்கெட் போட்டு அங்கேயே விக்க முடியுது. இன்னொரு பக்கம் வர்றவங்க நிறைய பேர் ட்ரோன் பறக்கவிட்டு ரீல்ஸ் எடுத்துட்டு இறங்கிடுறாங்க, யார் வீட்டு முற்றத்துல நிக்கிறோம்னு ஒரு நினைப்பே இல்லாம. குப்பையைச் சுமந்து இறக்கறதும் ஒரு வேலையாயிடுச்சு. வருமானம் கூடக் கூட, பணம் வர்ற வழியை முடிவு பண்றது துஆ கோலோவா, சங்கமா, தேசாவா, மாவட்டமாங்கிற கேள்வி பெருசாகும், ஆரம்பத்துல சொன்ன ரெண்டு அடுக்கும் முட்டிக்கிற இடம் இதுதான். பாலியில வழக்க ஊர்களுக்கு மாகாண அரசே 2019ல தனி விதி போட்டுக் கொடுத்துச்சு, மங்கராய்ல அந்த அளவுக்குப் பலம் வழக்க ஊர்களுக்கு இன்னும் வரல.

போகணும்னு ஆசை வந்தவங்களுக்கு: லபுவான் பாஜோவுக்கு ஃப்ளைட், கொமோடோ தீவு பார்க்கப் போறவங்க இறங்குற அதே ஊர். அங்கேர்ந்து டெங்கே வரைக்கும் கார்ல ஆறு மணி நேரம் மாதிரி ஆகும், ரோடு கடைசியில மோசம். டெங்கேலேர்ந்து கொஞ்ச தூரம் ஓஜெக்னு சொல்ற பைக் டாக்ஸி, அப்புறம் நடை, ஆளைப் பொறுத்து ரெண்டுலேர்ந்து மூணு மணி நேரம். உள்ளூர் வழிகாட்டி ஒருத்தரைக் கூட்டிக்கோங்க. ஊர் கண்ணுல படுற திருப்பத்துல ஒரு சின்ன குடில் இருக்கும், அங்க மூங்கில்தட்டை அடிச்சு ஆள் வர்றதை ஊருக்குத் தெரிவிச்சுட்டுத்தான் இறங்கணும். நேரா தலைமை வீட்டுக்குப் போகணும், அங்க பெரியவர் ஒருத்தர் முன்னோர்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லி பாதுகாப்பு கேட்பார், வே லூஉனு அந்தச் சடங்குக்குப் பேர், அது முடியுற வரைக்கும் கேமராவைத் தொடக்கூடாது. ராத்திரி விருந்தினருக்குன்னு ஒதுக்கின வீட்டுல எல்லாரும் வட்டமா பாய் போட்டுப் படுக்கணும், தனி ரூம் எல்லாம் கேட்காதீங்க, ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.

மாசம்னு பார்த்தா மே முதல் செப்டம்பர் வரை பாதை காஞ்சிருக்கும், காப்பி அறுவடையும் அப்பதான். பென்தி பார்க்கணும்னா நவம்பர், மழை ஆரம்பிச்சிருக்கும், அட்டைக்கடி நிச்சயம், அதுக்கு மனசு இருந்தா மட்டும் போங்க.